எல்லையைக் கடவாத அன்பு

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஈம் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஊரின் நடுவே புனித லோரன்ஸ் தேவாலயம். அதன் வளவில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழைமை வாய்ந்த கற்சிலுவை. இத்தகைய காட்சி அந்நாட்டின் வேறு கிராமங்களிலும் உண்டு. ஆனால் ஈம் கிராமம் நினைவுகூரப்படுவது, 1666ஆம் ஆண்டில் அவ்வூர் மக்கள் எடுத்த ஒரு தீர்மானத்திற்காகவே.

1665ஆம் ஆண்டு இலண்டன் நகரைக் கொள்ளைநோய் வாட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஈம் கிராமத்துத் தையற்காரர் ஒருவரின் வீட்டுக்குத் துணிப்பொதி வந்தது. ஈரமாயிருந்த துணிகளை விரித்து உலர்த்தியபோது அவற்றிலிருந்த தெள்ளுகள் நோயைப் பரப்பின என்பது வழிவழியாகக் கூறப்படும் வரலாறு. அவ்வீட்டிலிருந்த ஜோர்ஜ் விக்கர்ஸ் என்பவர் செப்டெம்பர் மாதத்தில் முதலாவதாக மரித்தார். குளிர்காலத்தில் சற்றுத் தணிந்த நோய், மறு ஆண்டின் கோடையில் மீண்டும் மூர்க்கங்கொண்டது. ஊரைவிட்டு ஓடிவிடுவதே பலரின் எண்ணமாயிருந்தது. ஓடியிருந்தால் அயற்கிராமங்களும் அழிவைக் கண்டிருக்கும்.

அவ்வேளையில் அங்கு குருவாயிருந்தவர் வில்லியம் மொம்பெசன். அவர் 1664ஆம் ஆண்டிலேயே அங்கு வந்தவர். மக்களின் முழு நம்பிக்கையை இன்னும் பெறாதவர். மக்கள் நேசித்தவரோ முன்னைய குருவாகிய தோமஸ் ஸ்டான்லி. புதிய வழிபாட்டுச் சட்டத்திற்கு இணங்க மறுத்தமையால் 1662ஆம் ஆண்டில் அவர் பதவியிழந்திருந்தார். கொள்கையால் பிரிந்திருந்த இவ்விருவரும், மந்தையின் பொருட்டு ஒருமனப்பட்டு மக்கள் முன் நின்றனர். 1666 ஜூன் மாதத்தில் மூன்று தீர்மானங்கள் எடுக்கப்பட்டன. இறந்தோரை அவரவர் குடும்பத்தாரே தத்தம் நிலத்தில் அடக்கம்பண்ணுவது; தேவாலயத்தை மூடி, குக்லெற் டெல்ப் என்னும் பள்ளத்தாக்கின் திறந்தவெளியில் இடைவெளிவிட்டு நின்று வழிபடுவது; எவரும் ஊரெல்லையைக் கடவாதிருப்பது.

அத்தீர்மானத்தின் அடையாளங்களை இன்றும் அங்கு காணலாம். துளைகள் இடப்பட்ட எல்லைக்கல் அவற்றுள் ஒன்று. அத்துளைகளில் வினாகிரியை ஊற்றி அதனுள் நாணயங்களை இடுவார்கள். அயலூரார் உணவை வைத்துவிட்டுப் பணத்தை எடுத்துச் செல்வார்கள். மேட்டுநிலத்தில் உள்ள ‘மொம்பெசன் கிணறு’ம் அவ்வாறே பயன்பட்டது. டெவன்ஷயர் பிரபுவும் உணவு அனுப்பி உதவினார்.

ஊருக்கு வெளியே ரைலி என்னுமிடத்தில் சிறிய கல்லறைத் தொகுதியொன்று உண்டு. எலிசபெத் ஹன்கொக் என்னும் தாய், 1666 ஓகஸ்ட் மாதத்தில் எட்டே நாட்களுக்குள் தன் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் இழந்து, அவர்களைத் தானே அடக்கம்பண்ணினார். ஆலய வளவில் மற்றொரு கல்லறை. அது குருவின் மனைவி கத்தரீன் மொம்பெசனுடையது. தம் இரு பிள்ளைகளையும் முன்னரே வெளியூருக்கு அனுப்பிவிட்ட குரு, மனைவியையும் போகும்படி வேண்டினார். அவரோ கணவருடன் தங்கி நோயாளரைப் பராமரித்தார். ஓகஸ்ட் 25ஆம் திகதி மரித்தார்.

நவம்பரில் நோய் ஓய்ந்தபோது 260 பேரளவில் மாண்டிருந்தனர். அயற்கிராமங்களோ பெரும்பாலும் தப்பின.

அன்பானவர்களே, பிள்ளைகளை அனுப்பிவைத்த அந்தத் தந்தையின் உள்ளத்தில் அச்சம் இல்லாதிருந்திருக்குமா? ஈம் மக்கள் அச்சமறியாத வீரர்கள் அல்லர். நம்மைப்போலப் பிள்ளைகளையும் உயிரையும் நேசித்தவர்களே. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் மூடிய ஆலயக் கதவுகளைக் கண்ட நமக்கு அவர்களுடைய நிலை சற்றேனும் விளங்கும். அயலானை நேசிப்பது என்றால் அவனிடத்திற்குச் சென்று உதவுவது என்றே எண்ணுகிறோம். அவனுக்குத் தீங்கு நேராதபடி நாம் இருக்குமிடத்திலேயே தரித்திருப்பதும் நேசமே. அந்த நேசத்திற்கு நன்றி சொல்ல ஒருவரும் எல்லை கடந்து வரமுடியாது.

ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாத இறுதி ஞாயிறன்று அவ்வூரார் தம் முன்னோரை நினைத்து வழிபாடு நடத்துகின்றனர். தம்மை ஒருபோதும் கண்டிராதவர்களுக்காகத் தம்மையே கொடுத்த அவர்களின் சாட்சி நம்மிடமும் கேட்கிறது: நாம் விட்டுக்கொடுப்பதால் பிழைத்திருக்கப்போகும் அயலான் யார்? கருத்து வேறுபாட்டால் நாம் விலகி நிற்கும் எந்தச் சகோதரனோடு இன்று கரம்கோர்க்க வேண்டும்? அதற்கான பெலனைக் கர்த்தர் நமக்கு அருள்வாராக.