நாரிப்பிடிப்பும் தலைக்காயமும்: பிசியோதெரபிக்குக் கூடப் போனதில் அறிந்தவை

விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்காபரோவில் பஸ்ஸுக்கு நிற்கும் எம்மவர்களைப் பார்த்தால், பலர் நாரியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பது தெரியும். நாங்களும் அந்தக் கூட்டத்தில் நிற்பவர்கள்தான். பெட்டி தூக்குவதும், பெல்ற்றில் வரும் சாமானை எட்டு மணித்தியாலம் ஒரே மாதிரித் திருப்பிப் போடுவதும்தான் வேலை. நாங்கள் வைத்தியர்களல்ல, பெரிதாகப் படித்தவர்களுமல்ல. ஆனால் எங்களோடு வேலைசெய்த இருவருக்கு மொழிபெயர்க்கவென்று பல மாதங்கள் மாறிமாறிப் பிசியோதெரபிக்குப் போய்வந்தோம். அங்கே கண்டதைப் புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்குச் சொல்லவேண்டும்போல் இருந்தது.

முதலாமவருக்கு நாரிப்பிடிப்பு. பெட்டியைத் தூக்கித் திரும்பும்போது பிடித்துக்கொண்டது. சுப்பவைசரோ, "எழுதினால் உனக்குத்தான் கரைச்சல், வீட்டில் படு" என்று அனுப்பிவிட்டார். எங்கள் வழக்கப்படி எண்ணெய் பூசி, ஒத்தடம் கொடுத்து, இரண்டு கிழமை கட்டிலை விட்டு இறங்கவிடாமல் வைத்திருந்தோம். மூன்றாம் கிழமை அவர் சுவரைப் பிடித்துத்தான் குளியலறைக்குப் போனார். ஒத்தடத்தில் பிழையில்லை, சூடு நோவைக் குறைக்கும். பிழை படுக்கையில்தான் என்று பிசியோதெரபிஸ்ற் சொன்னார். சாதாரண நாரிப்பிடிப்பு பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே குறையும். அதற்குள் ஆள் அசையாமல் கிடந்தால் தசைகள் பலம் குறைந்து, மூட்டுகள் இறுகி, நோ நீடிக்கும். நோகிறது என்பதற்காக உள்ளே ஏதோ முறிகிறது என்று அர்த்தமில்லை. முதல்நாளே வீட்டுக்குள் நடக்கவேண்டும், அடுத்தநாள் இன்னும் கொஞ்சம் கூட. எக்ஸ்றே எடுக்கவில்லையே என்று நாங்கள் குறைப்பட்டோம். சாதாரணப் பிடிப்பில் எக்ஸ்றே பெரிதாக ஒன்றும் காட்டாதாம்.

ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். நாரி நோவுடன் கால்கள் பலமிழந்தால், தொடைகளுக்கு நடுவே விறைத்தால், சலம் போகாமல் தடைப்பட்டால் அல்லது போவதே தெரியாமல் போனால், அது பிசியோதெரபிக்குக் காத்திருக்கும் விஷயமல்ல. அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும்.

பெல்ற்றில் நிற்கும் பெண்களுக்கு வேறொரு தொல்லை. இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து, கையை உதறிக்கொண்டு எழும்புவார்கள். மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதால் வருவது இது, காப்பல் ரனல் என்பார்கள். படுக்கும்போது மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டி பலருக்கு உதவுகிறது. எங்களில் வீட்டுக்கு வீடு நீரிழிவு இருப்பதால் தோள்மூட்டைப் பற்றியும் ஒரு சொல். நீரிழிவுக்காரருக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். இறுகினால் இளக வருடக்கணக்காகலாம். தலை வாரக் கை உயரவில்லை என்றால் 'குளிர்தானே' என்று விட்டுவிடாதீர்கள்.

இரண்டாமவர் எங்களுக்கு அண்ணை முறையானவர். ஏணியிலிருந்து விழுந்து மூளையின் இடப்பக்கத்தில் காயம். வலது கையும் காலும் சோர்ந்துவிட்டன, சொல்ல நினைத்த சொல்லும் வரவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு அக்கா அவரைக் குழந்தைபோலப் பார்த்தார். சோறு தீத்துவது, பொத்தான் பூட்டுவது, செருப்பு மாட்டுவது எல்லாம் அவரே. நாங்கள் போனால் வலது கையைப் பிடித்து இழுத்துத்தான் அண்ணையைக் கதிரையிலிருந்து எழுப்புவோம். அதைப் பார்த்த தெரபிஸ்ற் பதறிவிட்டார். சோர்ந்த தசையால் தோள்மூட்டைத் தாங்க முடியாது. கையில் இழுத்தால் மூட்டு நழுவும், பிறகு அந்த நோவே பயிற்சிக்குத் தடையாகிவிடும். உடம்பைத் தாங்கித்தான் எழுப்பவேண்டும் என்று செய்து காட்டினார். இத்தனை நாளும் இழுத்த எங்களுக்குத் தலை குனிந்துவிட்டது.

தீத்துவதும் பிழைதான் என்றபோது அக்கா அழுதுவிட்டார். செத்துப்போன மூளைக்கலங்கள் திரும்ப வருவதில்லை. ஆனால் உயிரோடிருக்கும் பகுதிகள் பழக்கத்தினால் புதுத் தொடர்புகளை உண்டாக்கி, போன வேலையில் கொஞ்சத்தைக் கைமாற்றிக்கொள்கின்றன. அதற்கு அந்தக் கை ஆயிரக்கணக்கான தடவை வேலைசெய்ய வேண்டும். பாவியாத கையை மூளையும் கைவிட்டுவிடும். அமெரிக்காவில் அலபாமாப் பல்கலைக்கழகத்து எட்வேர்ட் ரோப் என்பவர் இதிலிருந்தே ஒரு முறையை உண்டாக்கினார். நல்ல கைக்கு உறை போட்டுக் கட்டி, சோர்ந்த கையாலேயே எல்லாம் செய்யவைப்பது. பாரிசவாதம் வந்த 222 பேரிடம் இரண்டு கிழமை நடத்திய பரிசோதனையின் முடிவு 2006இல் வெளியானது. வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் கை கூடுதலாக முன்னேறியிருந்தது. ஆனால் விரலும் மணிக்கட்டும் கொஞ்சமாவது அசைபவர்களுக்குத்தான் இது பொருந்தும். வீட்டில் நீங்களாகக் கட்டிப் பார்க்கவேண்டாம்.

தலையில் இலேசாக அடிபட்டவர்களையும் எம்மவர் கிழமைக்கணக்கில் இருட்டறையில் படுக்கவைக்கிறார்கள். ஓரிரு நாள் ஓய்வு போதும், பிறகு தலையிடி கூடாத அளவுக்கு மெல்ல மெல்ல நடமாடவேண்டும். வாந்தி தொடர்ந்தால், மயக்கமாக இருந்தால், தலையிடி ஏறிக்கொண்டே போனால் 911.

இனிக் காசு விஷயம். ஒன்ராறியோவில் பிசியோதெரபி எல்லோருக்கும் இலவசமில்லை. 65 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும், 19 வயதும் அதற்குக் குறைந்தவர்களும், சமூகநலக் கொடுப்பனவு பெறுபவர்களும், வைத்தியசாலையில் இரவு தங்கிச் சிகிச்சை பெற்று வந்தவர்களும் வைத்தியரின் கடிதத்தோடு ஓஹிப்பில் பெறலாம். வேலையில் காயப்பட்டால் அதற்கென டபிள்யூ.எஸ்.ஐ.பி. இருக்கிறது. வைத்தியரிடம் போகவேண்டிய காயமென்றால், அறிந்து மூன்று வேலைநாட்களுக்குள் முதலாளி அறிவித்தே ஆகவேண்டும். உங்களுக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம் உண்டு. நாரிப்பிடிப்புக்காரர் ஐந்தாவது மாதத்தில்தான் எங்களுக்குச் சொன்னார், ஓடித்திரிந்து எழுதிக்கொடுத்தோம். எழுதினால் வேலை போய்விடும் என்ற பயம் எங்களுக்குத் தெரியாததல்ல. அதற்காகப் பழிவாங்குவதைச் சட்டம் தடுக்கிறது. காயப்பட்ட நாளின் முழுச்சம்பளமும் முதலாளிதான் தரவேண்டும்.

வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையைத் தகப்பனின் மூளைக்காயத்தைப் பற்றி மொழிபெயர்க்க விடாதீர்கள். அண்ணையின் மகளுக்கு அப்படி நேர்ந்தது. பிள்ளை பாதியைத்தான் தாய்க்குச் சொல்லியிருக்கிறது.

போன ஞாயிறு அண்ணை வீட்டுக்குப் போயிருந்தோம். வலது கையால் எங்களுக்குத் தேத்தண்ணி வார்த்தார், பாதி மேசையில் ஊற்றுண்டது. அக்கா துணியெடுக்க எழும்பினார், பிறகு இருந்துவிட்டார். அண்ணையே துடைத்தார், நெடுநேரம் எடுத்தது.