டீ அடுப்புக்கு ஸ்டாண்டு வாங்கப் போறீங்களா?



குழுக் கடனில் வீட்டு வாசலிலேயே டீக்கடை போடும் உறுப்பினர்கள் நம் குழுக்களில் இருக்கிறார்கள். அடுப்பு, பாத்திரம், கிளாஸ் எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். ஸ்டாண்டு என்றால் மட்டும் "பழைய ஸ்டூல் கிடக்கு, அது போதும்" என்று விட்டுவிடுகிறோம். கொதிக்கிற டீ நிற்பதே அதன் மேல்தான்!

வாங்கும்முன் கவனிக்க வேண்டியவை:

1. பலம்: 10 லிட்டர் தண்ணீரே 10 கிலோ. அடுப்பு, பாத்திரம் தனி. அழுத்தி, ஆட்டிப் பாருங்க. பட்டறையில் செய்தால் கால்களுக்கு நடுவே குறுக்குக் கம்பி வைக்கச் சொல்லுங்க. பிளாஸ்டிக் சூட்டில் இளகும், வேண்டவே வேண்டாம்.

2. உயரம்: அடுப்பில் வைத்த பாத்திரத்தின் விளிம்பு உங்கள் முழங்கைக்குக் கீழே இருக்கட்டும். எட்டி இறக்கினால் மேலே கொட்டும்.

3. இடம்: மண் தரை என்றால் கால்களுக்கு அடியில் கல் வைத்து மட்டம் பாருங்க. கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். சிலிண்டரை ஸ்டாண்டுக்கு அடியில் அடைக்காமல், காற்றோட்டமாக நிமிர்த்தி வையுங்க.

4. டீ கொடுக்கும் மேசை தனியாக இருக்கட்டும். விரிப்பு தொங்கக் கூடாது. குழந்தை பிடித்து இழுத்தால் எல்லாம் அதன் மேல் சாயும்.

சுட்டுவிட்டால் பேஸ்ட், இங்க் தடவாதீங்க. 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கடன் மனு எழுதும்போதே ஸ்டாண்டு செலவையும் சேர்த்து எழுதுவோம். அது வீண் செலவல்ல, நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு.