பொதுச் சுகாதாரப் புலமைப்பரிசில்கள்: எம்மவர் கவனம் திரும்ப வேண்டும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெளிநாட்டுக் கல்விக்கு வழிகாட்டுவதாகக் கூறும் நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. ஊரிலுள்ள காணியை விற்றும் நகைகளை அடகு வைத்தும் பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் பெற்றோர் எம் மத்தியில் பலர். 2022 இல் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி சில வாரங்களில் 360 ரூபாவைத் தொட்டபோது இத்தகைய குடும்பங்கள் பட்ட அவதியை நாம் அறிவோம். எனினும், செலவிட இயலாத மாணவர்களையும் கருத்திற்கொண்டு வழங்கப்படும் பட்டப்பின்படிப்புப் புலமைப்பரிசில்கள் குறித்து, அதிலும் பொதுச் சுகாதாரத் துறைக்குரியவை குறித்து, எம்மவரிடையே போதிய விழிப்புணர்வு இல்லாதிருப்பது கவலைக்குரியதாகும்.

பொதுச் சுகாதாரம் மருத்துவர்களுக்கு மட்டுமே உரிய கல்வி என்ற எண்ணம் தவறானது. நோய் ஏன் ஓரிடத்தில் பரவுகிறது, ஏன் சிலரை மட்டும் அதிகம் தாக்குகிறது என்பதை ஆராயும் இத்துறையில் தாதியர், புள்ளிவிபரவியல், சமூகவியல், பொருளியல் பட்டதாரிகள் ஆகியோருக்கும் இடமுண்டு.

1959 இல் ஒக்ஸ்போர்ட்டில் கூடிய கல்வி மாநாட்டில் உருவான பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம், சுகாதார முறைமைகளை வலுப்படுத்துவதைத் தனது அபிவிருத்தி இலக்குகளில் ஒன்றாகக் கொண்டுள்ளது. அதன் ஒரு பிரிவு, சொந்தச் செலவில் பிரித்தானியாவில் கற்க இயலாதவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. 1983 இல் ஆரம்பமான செவனிங் திட்டம் ஓராண்டு முதுமாணிக் கற்கைக்கான கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமானப் பயணச்சீட்டு ஆகியவற்றை வழங்குகின்றது. இரண்டு வருட அனுபவத்தை அது எதிர்பார்த்தாலும், தொண்டர் பணியும் அதில் கணக்கிலெடுக்கப்படும். கற்கை முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு வருடங்களேனும் தங்கியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

இந்நிபந்தனையைப் பெற்றோர் பலர் குறையாகவே கருதக்கூடும். நாம் அதனை அவ்வாறு நோக்கவில்லை. 1934-35 காலப்பகுதியில் ஏறத்தாழ 80 ஆயிரம் உயிர்களைப் பலிகொண்ட மலேரியாவை இந்நாடு ஒழித்து, 2016 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது கிராமந்தோறும் சென்ற பொதுச் சுகாதாரப் பணியாளர்களின் உழைப்பினாலாகும். ஆயினும் பணி முடிந்துவிடவில்லை. 2017 இல் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்குக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டதாகப் பதிவாகியது. மலையகத் தோட்டங்களில் குழந்தைகளின் போஷாக்கின்மை நீடிக்கின்றது. கொட்டாஞ்சேனையின் நெருக்கமான குடியிருப்பிலோ தோட்டத்து லயன் அறையிலோ வாழும் தாயிடம் அவளது மொழியிலேயே கேட்டறியக்கூடிய ஆய்வாளர்கள் இல்லையேல், எத்தகைய ஆய்வும் அரைகுறையாகவே அமையும்.

அதேவேளை, வாய்ப்புகள் என்றென்றும் காத்திருக்கப் போவதில்லை. தனது வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தின் 0.5 வீதத்திலிருந்து 2027 இல் 0.3 வீதமாகக் குறைக்கப்போவதாக பிரித்தானிய அரசு 2025 பெப்ரவரியில் அறிவித்தது. அமெரிக்காவின் சர்வதேச அபிவிருத்தி முகவரகமும் அதே ஆண்டில் கலைக்கப்பட்டது. செல்வந்த நாடுகளின் கை இறுகும்போது போட்டியும் கடுமையாகும்.

திறமை எம் மாணவரிடம் உண்டு. தமிழ்மொழி மூலம் உயர்தரம் வரை கற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் தம்மைப் பற்றி எழுதுவதும், உரிய காலத்தில் பரிந்துரைக் கடிதங்களைப் பெறுவதுமே தடைகளாகின்றன. இவை கடக்க முடியாத தடைகளல்ல. யாழ்ப்பாண, கிழக்குப் பல்கலைக்கழகங்கள் இறுதியாண்டு மாணவர்களுக்கு இதற்கான பயிற்சியை அளிக்கலாம். கொழும்பிலுள்ள பழைய மாணவர் சங்கங்கள், ஏற்கெனவே புலமைப்பரிசில் பெற்றுத் திரும்பியவர்களை அழைத்து வழிகாட்டல் கூட்டங்களை நடத்தலாம். விழாக்களுக்கும் விருந்துகளுக்கும் செலவிடும் பணத்தில் சிறு பகுதியே அதற்குப் போதுமானது.

காணியை விற்பதற்கு முன்னர், கட்டணமின்றித் திறந்திருக்கும் கதவைத் தட்டிப் பார்ப்பதே விவேகமாகும்.