கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போறீங்களா?



டிப்ளமோவில் நாம் எந்தப் பிரிவை எடுத்தாலும் கம்ப்யூட்டர் இல்லாமல் காலம் தள்ள முடியாது. சிவில், மெக்கானிக்கல் என்றால் ஆட்டோகேட். கம்ப்யூட்டர் பிரிவு என்றால் சி, பைத்தான். எலக்ட்ரிக்கல் என்றால் பி.எல்.சி. லேபில் கிடைக்கிற நேரம் யாருக்கும் போதவில்லை. அதனால் வீட்டில் "ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தாங்க" என்று கேட்காத மாணவன் நம்மில் குறைவு.

ஆனால் சுரண்டைப் பக்கம் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். அம்மா பீடி சுற்றிச் சேர்த்தது, அப்பா மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்கிச் சம்பாதித்தது, மகளிர் குழுவில் வாங்கிய கடன். அதில் ஒரு ரூபாய்கூட வீணாகக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மலிவாக வாங்குவது வேறு, லாபமாக வாங்குவது வேறு. எது கெட்டால் மற்றதையும் சேர்த்துக் கெடுக்குமோ, அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. எதைப் பின்னால் சேர்த்துக் கொள்ளலாமோ, அதை இன்றே வாங்கத் தேவையில்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக் கொண்டு ஒவ்வொரு பாகமாகப் பார்ப்போம்.

எஸ்.எம்.பி.எஸ்.

எல்லோரும் பிராசசரில் ஆரம்பிப்பார்கள். நான் பவர் சப்ளையில் ஆரம்பிக்கிறேன். காரணம் நம்ம ஊர் கரண்ட். ஐப்பசி இடி மழையில் ஒரு மாதிரி, ஆடிக் காற்றில் ஒரு மாதிரி, போய்ப் போய் வரும். எங்கள் தெருத் தம்பி ஒருவன் கலர் கலராக விளக்கு எரியும் கேபினெட் வாங்கினான். அதோடு பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ். ஒன்று இலவசமாக வந்தது. ஒருநாள் கரண்ட் போய் வந்ததில் அது போனது. போகும்போது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக் கொண்டு போய்விட்டது. நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கும். தான் கெட்டாலும் பெரும்பாலும் தன்னோடு நிறுத்திக் கொள்ளும்.

நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? நாம் படித்த வாட் = வோல்ட் × ஆம்பியர் சூத்திரம் போதும். பெட்டியில் 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் முக்கியமாக அதிலிருந்துதான் சாப்பிடுகின்றன. அங்கே 14 ஆம்பியர் என்று இருந்தால் 12 × 14 = 168 வாட்தான். மீதி வெறும் பேச்சு. தரமான 450 வாட் சப்ளையில் 12 வோல்ட் பக்கமே 400 வாட்டுக்கு மேல் கிடைக்கும். 80 பிளஸ் முத்திரையும் இருந்தால் நல்லது.

கேபினெட்டைத் தொட்டால் 'சுருக்' என்கிறதா? வீட்டு எர்த் சரியில்லை என்று அர்த்தம். சப்ளையின் உள்ளே இரைச்சலை வடிகட்ட, பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு ஒவ்வொரு கெபாசிட்டர் போட்டிருப்பார்கள். எர்த் இல்லாவிட்டால் பாடியில் பாதி வோல்டேஜ் நிற்கும். கரண்ட் மிகக் குறைவுதான், இருந்தாலும் அலட்சியம் வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்த பிறகு கம்ப்யூட்டரை வையுங்கள்.

யு.பி.எஸ். வாங்கும்போதும் இதே கவனம் தேவை. 600 வி.ஏ. என்றால் 600 வாட் அல்ல. சாதாரண மாடல்களில் அது 360 வாட் அளவுதான் தரும். நம் வேலைக்கு அதுவே தாராளம்.

பிராசசர்

ஆட்டோகேட் 2டி, புரோகிராமிங், பிராஜெக்ட் ரிப்போர்ட் இவற்றுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால் போதும். 2021-ல் வந்த ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி இதற்கு நல்ல உதாரணம்: 6 கோர், 65 வாட், உள்ளேயே கிராபிக்ஸ். இன்டெல்லில் ஐ3 12100 என்றால் 4 கோர், அதிலும் கிராபிக்ஸ் உண்டு. ஆனால் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து ஒட்டிய 12100எஃப்-இல் கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் விலை குறைவாச்சே என்று அதை வாங்கினால், தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. பின்னால் 3டி வேலையோ கேமோ தேவைப்பட்டால் அப்போது ஒரு கார்டு செருகிக் கொள்ளலாம்.

மதர்போர்டும் ராமும்

ராம் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என இரண்டு வகையாகக் கிடைக்கிறது. இரண்டுக்கும் காடி வெட்டு வேறு, ஒன்றின் இடத்தில் மற்றது ஏறாது. 5600ஜி-க்கு டி.டி.ஆர்.4. இன்டெல் எச்610 போர்டில் இரண்டு ரகமும் வருவதால் பெட்டியைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

ஒரே 16 ஜி.பி. குச்சியைவிட 8 + 8 என்று இரண்டு குச்சி நல்லது. பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை, ராமைத்தான் பங்கு போட்டுக் கொள்கிறது. இரண்டு குச்சி என்றால் அதற்கு இரண்டு பாதை. கையில் பணம் இடித்தால் இன்று ஒரு 8 ஜி.பி. போட்டுவிட்டு, அதே மாதிரி இன்னொன்றைப் பிறகு சேருங்கள். 2025 கடைசியில், ஏ.ஐ. டேட்டா சென்டர்களின் தேவை பெருகியதால் ராம் விலை உலகம் முழுக்க எகிறியது. ஆகவே பழைய வீடியோவில் சொன்ன பட்ஜெட்டை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள்.

எஸ்.எஸ்.டி.

ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 150 எம்.பி. அளவில் படிக்கும். சாட்டா எஸ்.எஸ்.டி. 550 வரை, என்.வி.எம்.இ. 3,000-க்கும் மேல். முதல் தாவலைக் கண்ணால் பார்க்கலாம். ஆன் செய்து டீ குடிக்கப் போக வேண்டிய அவசியம் இல்லை. இரண்டாவது தாவல் நம் தினசரி வேலையில் அவ்வளவாகத் தெரியாது. விலை வித்தியாசம் அதிகம் என்றால் சாட்டாவே போதும்.

எங்கே வாங்குவது?

சென்னை ரிச்சி தெருவில் விலை குறைவு என்பார்கள். உண்மைதான், பேரம் பேசத் தெரிந்தால் குறையும். ஆனால் தென்காசியில் பொதிகை ஏறினால் 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம். போகவர ஆகும் செலவையும், பாகம் கெட்டால் மறுபடி அலைவதையும் கணக்கில் சேருங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒருவரை அனுப்பினால் கட்டுபடியாகும். தனி ஆளுக்குத் திருநெல்வேலியோ மதுரையோ போதும்.

"பில் வேண்டாம்னா 18 பர்சென்ட் ஜி.எஸ்.டி. குறைச்சுத் தர்றேன் தம்பி" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பில் இல்லாமல் வாரண்டி கேட்க முடியாது. பெட்டியோடு வரும் பிராசசருக்கு 3 வருட வாரண்டி உண்டு. பெட்டி இல்லாத டிரே பிராசசர் என்றால் வாரண்டி யாருடையது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பழசு வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து வாங்கணும். பிராசசரும் ராமும் ஓட்டிப் பார்த்துச் சரியாக இருந்தால் பெரும்பாலும் பல வருடம் உழைக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸும் ஹார்ட் டிஸ்க்கும் தேய்மானப் பொருட்கள், அவற்றைப் பழசில் தொடாதீர்கள். ஆபீஸ்களிலிருந்து கழித்துவிட்ட நாலாம் தலைமுறை ஐ5 மலிவாக வருகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். எனவே அந்தப் பழைய பெட்டியில் லினக்ஸ் போட்டுக் கொள்ளுங்கள். சி, பைத்தான் படிக்க அது அருமையாக ஓடும். ஆட்டோகேட் லினக்ஸில் ஓடாது, அதனால் சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் இந்த வழிக்குப் போக வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கடைக்குப் போகும் முன் பாகங்களின் பெயர், மாடல் நம்பர், விலை மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "இது எந்த வேலைக்கு?" என்றும் எழுதுங்கள். பதில் வராத வரியை அடித்துவிடுங்கள். மிஞ்சும் பணத்தை வீட்டில் திருப்பிக் கொடுத்தால் அம்மா சந்தோஷப்படுவார்கள். சந்தேகம் இருந்தால் தாளோடு மதிய இடைவேளையில் வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.