கடற்சொற்களும் மொழிபெயர்ப்பும்



பிறமொழிக் கலைச்சொல்லைத் தமிழாக்குவது எளிதென்று பலர் எண்ணுகின்றனர். அகராதி ஒன்றிருந்தால் போதும் என்பது அவர்கள் கருத்து. சிதம்பரத்தில் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாள்களில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அக்கருத்தைத் திருத்தியவன் கடலூரில் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன்.

ஒருநாள் வகுப்பில் ஆங்கிலப் பத்தி ஒன்றைத் தமிழாக்கிக் கொண்டிருந்தோம். முந்நூறு பயணிகளை ஏற்றிச் செல்லும் ‘கேட்டமரான்’ என்னும் கலம் அதில் வந்தது. நான் கரும்பலகையில் ‘கட்டுமரம்’ என்று எழுதினேன். தேவனாம்பட்டினத்து மீனவர் மகன் ஒருவன் எழுந்து, “ஐயா, கட்டுமரத்தில் முந்நூறு பேர் எப்படி ஏறுவார்கள்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, எழுதியதை அழித்தேன்.

கட்டுமரமாவது, மென்மரக் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த மிதவை. கட்டைகளின் இடைவெளியில் நீர் ஏறும். அவ்வழியே வடிந்தும் விடும். ஆதலின் அது நீர் நிரம்பி மூழ்குவதில்லை. கரை சேர்ந்தபின் கட்டைகளை அவிழ்த்து உலர்த்துவர். சோழமண்டலக் கரையில் இதனைக் கண்ட ஆங்கிலேயர் பெயரையும் உடன் கொண்டு சென்றனர். 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலில் இச்சொல் காணப்படுகிறது. பின்னர் மேலைநாட்டார், இரண்டு உடல்களை இணைத்துக் கட்டிய கலத்துக்கும் இப்பெயரையே இட்டனர். 1876இல் அமெரிக்கரான ஹெரஷாஃப் அமைத்த பாய்க்கலம் அத்தகையது. போலந்து மொழியிலும் அது ‘கட்டமரான்’ என்றே வழங்குகிறது. நம் சொல் உலகைச் சுற்றி வந்தது. வரும் வழியில் அதன் பொருள் மாறிவிட்டது. ஆகவே அப்பத்தியில் ‘இரட்டையுடற் கலம்’ என்று எழுதுவதே பொருந்தும்.

இத்தகைய பிழை எப்போதும் சிரிப்போடு முடிவதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கிக் கடலூர்க் கரையை அழித்தது. தேவனாம்பட்டினமும் அதற்குத் தப்பவில்லை. ‘சுனாமி’ என்னும் சொல்லை நம் கரையில் பெரும்பாலோர் அதற்குமுன் கேட்டதில்லை. ஜப்பானிய மொழியில் அதன் நேர்ப்பொருள் ‘துறைமுக அலை’ என்பதாகும். அதனை அப்படியே பெயர்த்தால், துறைமுகத்துக்கு அப்பால் வாழ்பவர் தமக்கு இடரில்லையென்று வாளா இருந்துவிடுவர். ‘ஆழிப்பேரலை’ என்று பெயரிட்டோர் சொல்லை விடுத்துப் பொருளை நோக்கினர். ஆயினும், கடல் திடீரென உள்வாங்கினால் மேட்டுநிலத்துக்கு விரைந்து செல்ல வேண்டும் என்னும் அறிவும் உடன் வந்தாலன்றி, நல்ல சொல்லாலும் உயிர் காக்க இயலாது.

எனவே, மாணவர்களே, ஒரு கலைச்சொல்லைப் பெயர்க்குமுன் மூன்று வினாக்களை எழுப்புங்கள்: அப்பொருள் எதனால் ஆனது? எவ்வாறு இயங்குகிறது? அச்சொல்லைக் கேட்பவர் என்ன செய்ய வேண்டும்? விடை அகராதியில் இல்லையாயின், கடற்கரைக்குச் சென்று அங்குள்ள பெரியவர்களைக் கேளுங்கள். எனக்கு ஆசானாக வாய்த்தவன் என் மாணவனே.