கீறல் எங்கிருந்து வருகிறது?

ஸ்போர்ட்ஸ் காரை வீட்டில் கழுவினால் பெயிண்டில் கீறல் விழும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பயம் நியாயம்தான். ஆனால் குற்றவாளி தண்ணீர் அல்ல, தூசி. நிறத்துக்கு மேலே பளபளப்புக்காகப் பூசும் கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் சுமார் 50 மைக்ரான்தான்; தலைமுடியை விட மெல்லியது. மணலில் இருக்கும் குவார்ட்ஸோ கண்ணாடியையே கீறும். காய்ந்த துணியால் 'சும்மா ஒரு துடை' துடைக்கிறோமே, அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மாதிரிதான். வெயிலில் சாய்ந்து பார்த்தால் சிலந்தி வலை போலத் தெரியும் கோடுகள் பெரும்பாலும் அப்படி வந்தவை.

ஆகவே கை வைக்கும் முன் தண்ணீர் அடித்து மண்ணை இறக்கிவிட வேண்டும். போர்ஷே 911 போல இன்ஜின் பின்னால் இருக்கும் வண்டியில், பின்மூடியின் காற்றுத் திறப்புக்குள் பிரஷர் வாஷரை நேராகப் பிடிக்கக் கூடாது. பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்பில் முக்க வேண்டும். ஒரு வாளி போதாதா, தண்ணீர் வீண்தானே என்று கேட்கலாம். ஒரே வாளி என்றால் கழுவிய மண் கையுறையோடு மறுபடி பானெட்டுக்கே வரும். இரண்டாவது வாளியின் செலவோ, ஹோஸைத் திறந்துவிட்டால் ஓரிரு நிமிடத்தில் போகிற தண்ணீர்தான். பாத்திரம் தேய்க்கும் சோப்பு மட்டும் வேண்டாம். அழுக்கோடு மெழுகுப் பூச்சையும் கொண்டுபோய்விடும்.

வேகமாக ஓட்டி வந்த கையோடு கழுவாதீர்கள், நேயர்களே. பிரேக் டிஸ்க் கொதித்துக்கொண்டிருக்கும். குளிர்ந்த நீர் பட்டால் கோணிக்கொள்ளலாம். நிழலில் நிறுத்தி, நன்றாக ஆறவிடுங்கள்.