புதுத் தொட்டியில் பழுப்புப் படலம்

பதுளையில் மீன் தொட்டி வாங்கிப் பசறைக்கோ ஹாலி-எலைக்கோ கொண்டுபோன வாடிக்கையாளர் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பி வருவார். "கண்ணாடியெல்லாம் தேத்தண்ணிச் சாயம் புடிச்சிருச்சு முதலாளி" என்பார். அப்போது மருந்துப் போத்தலை நீட்டும் கடைக்காரர் சில நூறு ரூபாவைச் சம்பாதித்து, ஆளை இழக்கிறார். குறையை முன்பே சொல்லி விற்பதுதானே நமது மார்க்கம் காட்டிய வியாபாரம்?

அது டயட்டம் என்னும் நுண்பாசி. நீரிலும் மணலிலும் உள்ள சிலிக்காவை எடுத்து ஓடு கட்டிக்கொள்ளும். புதுத் தொட்டியில் கழிவை மாற்றும் பக்டீரியா பெருகுமுன் இது முந்திக்கொள்கிறது. மீனுக்குத் தீங்கில்லை, பெரும்பாலும் ஓரிரு மாதத்தில் தானாகவே குறையும்.

சவர்க்காரம் படாத பஞ்சால் துடைத்து, வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். பயந்துபோய் எல்லாவற்றையும் கழுவி, ஃபில்டரையும் குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரினில் அந்த பக்டீரியா செத்துவிடும். பிறகு அமோனியா ஏறி மீன்தான் சாகும். தோட்டத்துப் பீலித் தண்ணீரில் குளோரின் தொல்லை இல்லை. ஆனால் பாறையில் ஊறி வருவதால் சிலிக்கா இருக்கும், படலம் கொஞ்சம் நீடிக்கலாம்.

இதற்காக 'டேங்க் கிளீனர்' மீனை வாடிக்கையாளர் தலையில் கட்டாதீர்கள். இரண்டு அங்குலத்தில் விற்பது ஓரடிக்கு மேல் வளரும். தொட்டி கொள்ளாதபோது பதுளு ஓயாவில்தான் கொண்டுபோய் விடுவார்கள். இலங்கை நீர்நிலைகளில் அது ஓர் ஆக்கிரமிப்பு இனம்.